தூரிகை பதில்கள்: சேலத்துச் சுவரில் ஆட்ரி லார்ட்

சென்ற இதழின் நடுப்பக்கத்தில், ஏற்காடு மலையடிவாரத்தில் இயங்கும் ஒரு மகளிர் வாசிப்பு வட்டத்துக்காக நான் தீட்டிய எண்ணெய் வண்ண உருவப்படம் வெளியாகியிருந்தது. படத்தில் இருப்பவர் அமெரிக்கக் கறுப்பினக் கவிஞரும் பெண்ணியச் செயற்பாட்டாளருமான ஆட்ரி லார்ட். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்தப் படத்தைப் பற்றியவை என்பதால் இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம். திட்டி எழுதியவர்களின் கேள்விகளும் இதில் உண்டு. அவர்கள் எனக்குச் சூட்டிய அடைமொழிகளை மட்டும் இடம் கருதி நீக்கியிருக்கிறேன்.

கேள்வி: யார் இந்த அம்மையார்? படமாக மாட்டி வைக்கத் தகுந்த பெண்கள் நம் நாட்டில் இல்லையா?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கிச்சிப்பாளையம்

பதில்: ஆட்ரி லார்ட் 1934 பிப்ரவரி 18 அன்று நியூயார்க் நகரில் பிறந்து ஹார்லெம் பகுதியில் வளர்ந்தவர். தந்தை பார்படோஸ் தீவிலிருந்தும், தாய் கிரெனடாவைச் சேர்ந்த கரியாக்கூ என்ற சிறு தீவிலிருந்தும் பிழைப்புத் தேடி அமெரிக்கா வந்தவர்கள். பள்ளியில் படிக்கும்போதே அவருடைய கவிதை ஒன்று 'செவன்டீன்' என்ற இளம்பெண்கள் இதழில் அச்சேறியது. ஹன்டர் கல்லூரியில் பட்டமும், 1961இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நூலக அறிவியலில் முதுகலைப் பட்டமும் பெற்று, அந்தப் பத்தாண்டின் பெரும்பகுதியை நூலகராகவே கழித்தார். முதல் கவிதைத் தொகுப்பு 1968இல் வெளிவந்தது. அதே ஆண்டு மிசிசிப்பி மாநிலத்தின் டூகலூ கல்லூரிக்குச் சென்று கறுப்பின மாணவர்களுக்குக் கவிதைப் பட்டறை நடத்தினார். 1974ஆம் ஆண்டு அமெரிக்காவின் தேசிய நூல் விருதுக்கு அவர் பெயர் பரிந்துரைப் பட்டியலில் இருந்தபோது, அதே பட்டியலில் இருந்த கவிஞர்கள் ஏட்ரியன் ரிச், ஆலிஸ் வாக்கர் ஆகியோருடன் சேர்ந்து, தங்களில் யாருக்குக் கிடைத்தாலும் எல்லாப் பெண்களின் சார்பாகவும் அதை ஏற்பது என்று முன்கூட்டியே ஓர் அறிக்கை எழுதி வைத்துக்கொண்டார். விருது ரிச்சுக்குக் கிடைத்தது. மேடையில் அவர் அந்தக் கூட்டறிக்கையைத்தான் வாசித்தார். 1980இல் பார்பரா ஸ்மித் உள்ளிட்டோருடன் சேர்ந்து, வெள்ளையரல்லாத பெண்களின் எழுத்துக்காகவே ஒரு பதிப்பகத்தைத் தொடங்கினார். 1984 முதல் பெர்லினுக்குப் போய்வந்து, அங்கிருந்த கறுப்பின ஜெர்மானியப் பெண்கள் ஒருவரையொருவர் கண்டுகொள்ளவும் தங்கள் வரலாற்றை எழுதவும் தூண்டுகோலாக இருந்தார். 1991இல் நியூயார்க் மாநிலத்தின் அரசவைக் கவிஞரானார். 1992 நவம்பர் 17 அன்று, கரீபியன் கடலிலுள்ள செயின்ட் குரோய் தீவில், தம் 58ஆம் வயதில் புற்றுநோயால் இறந்தார்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அந்த வாசிப்பறைக்குள் நீங்கள் ஒருமுறை கால் வைத்திருந்தால் இப்படிக் கேட்டிருக்க மாட்டீர்கள். மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியும் அந்தச் சுவரில் முன்பிருந்தே இருக்கிறார்கள். முத்துலட்சுமி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்த நோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் போராடி 1954இல் அடையாற்றில் அதைத் தொடங்கிக் காட்டியவர். புற்றுநோய் கண்ட பெண் தன் உடலைப் பற்றித் தானே பேசவேண்டும் என்று 1980இல் புத்தகம் எழுதிய ஒருவரை அவருக்கு அருகில் மாட்ட வேண்டும் என்பது வட்டத்துப் பெண்களின் முடிவு. எனக்கு அது பொருத்தமாகவே பட்டது. தவிரவும், திராவிடர் கழகம் என்ற பெயர் 1944 ஆகஸ்டில் சூட்டப்பட்ட ஊர் இது. அமெரிக்கப் பகுத்தறிவாளர் இங்கர்சாலின் சொற்பொழிவுகளைத் தமிழில் அச்சிட்டு வாசகசாலைகளுக்குக் கொண்டுசேர்த்த இயக்கத்தின் பிள்ளைகள் நடமாடிய தெருக்களில், வெளிநாட்டவர் படம் எதற்கு என்ற கேள்வி சற்றுப் புதுமையாகத்தான் இருக்கிறது.

கேள்வி: முகத்துக்குக் கறுப்பு வண்ணமே பயன்படுத்தவில்லை என்று படக்குறிப்பில் எழுதியிருந்தீர்கள். கிடைக்கும் நிழற்படங்களில் பல கறுப்பு வெள்ளையில் இருக்கும்போது, தோலின் நிறத்தை எப்படி முடிவு செய்தீர்கள்? எங்கள் வகுப்பில் கரிய நிற முகங்களை வரையச் சொன்னால் எல்லோருடைய படமும் கரி பூசியதுபோல் ஆகிவிடுகிறது.
– ஓவியக்கலை மாணவி, அம்மாப்பேட்டை

பதில்: நல்ல கேள்வி, இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

முதலில் நிழற்படங்களை நம்புவது பற்றி. வண்ணப்படம் கிடைத்துவிட்டால் நிறம் கிடைத்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். கோடாக் நிறுவனம் வண்ண அச்சுக்கூடங்களுக்கு அனுப்பிவந்த அளவுகோல் அட்டையில் பல பத்தாண்டுகளுக்கு வெள்ளைத் தோலுடைய ஒரு பெண்ணின் படமே இருந்தது. அவருடைய முகம் சரியாக விழுந்தால் அச்சு சரி என்று பொருள். அந்த அளவுகோலில் கரிய முகங்கள் பல்லும் விழிவெள்ளையும் மட்டும் தெரியும் இருட்டுக் குவியல்களாகின. கரிய நிறங்களும் விழும்படி பிலிம் பிறகு திருத்தப்பட்டதற்கு முகங்கள் மட்டும் காரணம் அல்ல. மரச்சாமான் செய்பவர்களும் சாக்லேட் நிறுவனத்தாரும் தங்கள் சரக்கிலுள்ள பழுப்பு வேறுபாடுகள் படத்தில் தெரியவில்லை என்று முறையிட்டதும் ஒரு பெரிய காரணம் என்று அந்த நிறுவனத்தில் பணியாற்றியவர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே 1970களின் வண்ணப்படம் ஒன்றில் ஆட்ரி லார்டின் கன்னம் அட்டைக்கறுப்பாகத் தெரிந்தால் அது அவருடைய கன்னத்தின் நிறம் அல்ல, பிலிமின் நிறம். நிழற்படங்களிலிருந்து நான் எடுத்துக்கொண்டவை எலும்பமைப்பு, புருவ வளைவு, உதடுகளின் அழுத்தம், தலையை நிமிர்த்திக்கொள்ளும் வாகு ஆகியவை மட்டுமே.

நிறத்தைச் சேலத்திலேயே படித்தேன். செவ்வாய்பேட்டை மார்க்கெட்டில் காலை பத்து மணி வெயிலில் மூட்டை இறக்குபவர்களின் தோள்களைப் போய்ப் பாருங்கள். வெயில் நேராக விழும் இடத்தில் வானத்தின் நீலம் பளபளக்கும். வெளிச்சமும் நிழலும் சேரும் விளிம்பில் செம்மை இருக்கும். நிழலுக்குள் போனால் பச்சையோடிய பழுப்பு. இவற்றில் எங்கேயும் ட்யூபிலிருந்து பிதுக்கிய கறுப்பு இல்லை.

செய்முறையைச் சொல்கிறேன். வெள்ளை கேன்வாஸில் கரிய முகத்தைத் தொடங்கினால், சுற்றியுள்ள வெள்ளையின் கூச்சத்தில் எதை வைத்தாலும் கறுப்பாகவே தோன்றும். கண் ஏமாந்துபோய் வண்ணத்தை வெளுக்கத் தொடங்கிவிடும். எனவே பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு வண்ணத்தை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்துக் கேன்வாஸ் முழுவதும் தேய்த்து, அது காய்ந்த பிறகு வரையத் தொடங்கினேன். ஆழ்ந்த நிழல்களுக்கு பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பும் அல்ட்ராமரைன் நீலமும் கலந்த கலவை. இந்த இரண்டும் சேரும்போது கிடைக்கும் இருட்டில் உயிர் இருக்கும். நீலத்தைக் கூட்டினால் குளிர்ந்து பின்னுக்குப் போகும், அம்பரைக் கூட்டினால் சூடேறி முன்னுக்கு வரும். மூக்குச் சிறகு, காதுமடல், கீழுதடு ஆகிய இரத்த ஓட்டம் மிகுந்த இடங்களில் அலிசரின் கிரிம்சன் என்ற ஆழ்சிவப்பு. நடுத்தரத் தொனிக்கு பர்ன்ட் சியன்னாவுடன் சிறிது எல்லோ ஓக்கர் என்ற மண்மஞ்சள். நெற்றியிலும் கன்னத்து மேட்டிலும் வெளிச்சம் விழும் இடத்தில்தான் மாணவர்கள் வழுக்குகிறார்கள். அடியில் இருக்கும் பழுப்போடு வெள்ளையைக் குழைத்து வெளிச்சம் காட்ட முயன்றால் முகம் விபூதி பூசியதுபோல் சாம்பல் பூத்துவிடும். மாறாக, வெள்ளையில் அல்ட்ராமரைனும் துளி அம்பரும் சேர்த்து நீலச்சாம்பலாகத் தனியே கலந்து, ஒரே இழுப்பில் வைத்துவிட்டுத் தூரிகையை எடுத்துவிட வேண்டும். தேய்க்கக் கூடாது.

இதுதான் ஒரே வழி என்று எண்ண வேண்டாம். கெர்ரி ஜேம்ஸ் மார்ஷல் என்ற அமெரிக்கக் கறுப்பின ஓவியர் நேர் எதிராகச் செய்கிறார். ஐவரி பிளாக், கார்பன் பிளாக், மார்ஸ் பிளாக் என்ற மூன்று கறுப்புகளையும் துணிந்து எடுத்து, அவற்றில் நீலம், பச்சை, ஊதா என்று வெவ்வேறு வண்ணங்களைச் சேர்த்து, கறுப்பையே ஒரு முழு வண்ணக் குடும்பமாக ஆக்குகிறார். மிஷேல் ஒபாமாவின் உருவப்படத்தை 2018இல் தீட்டிய ஏமி ஷெரால்ட் தோலை முழுக்கச் சாம்பல் நிறத்தில் வரைபவர். இருவரும் கணக்குப் போட்டுச் செய்கிறார்கள். நம்மூரில் நடப்பது வேறு. சினிமா பேனர் காலத்தில் கதாநாயகிக்கு ரோஸ், நாயகனுக்கு மஞ்சள் கலந்த ரோஸ் என்று யார் முகமானாலும் ஒரே கலவைதான் பூசினார்கள். அதற்கும் முன்பு ரவி வர்மாவின் அச்சுப்படங்கள் வழியாக அந்தச் சிவந்த மேனி வீட்டுப் பூஜையறை வரை வந்துவிட்டிருந்தது. இப்போது ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பத்துக்கு டச்சப் செய்பவர், யாரும் கேட்காமலேயே மணப்பெண்ணின் நிறத்தை இரண்டு படி ஏற்றிவிடுகிறார். மரியாதை செய்வதாக நினைத்து முகத்தை வெளுப்பது என்பது நமக்குக் கைப்பழக்கமாகவே ஆகிவிட்டது. ஆட்ரி லார்டை அந்தக் கையால் வரைய முடியாது. தம்முடைய கறுப்பைத் தம் கவிதைகளின் நடுவிலேயே வைத்தவர் அவர். 1976இல் வெளிவந்த தொகுப்புக்கு 'நிலக்கரி' என்றே பெயர் வைத்தார்.

கேள்வி: படத்தில் மார்பின் ஒரு பக்கம் தட்டையாக இருக்கிறதே! பெண்கள் கூடும் இடத்தில் மாட்டும் படத்தில் இது தேவைதானா? ஒரு துப்பட்டாவை வரைந்து மறைத்திருக்கலாமே?
– இல்லத்தரசி, ஃபேர்லேண்ட்ஸ்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் கோபத்தைவிடக் கூச்சமே அதிகம் தெரிகிறது, அதனால் பொறுமையாகச் சொல்கிறேன்.

1978 செப்டம்பரில், தம்மைத் தாமே பரிசோதித்துக்கொள்ளும்போது ஆட்ரி லார்ட் வலது மார்பில் ஒரு கட்டியைக் கண்டார். புற்றுநோய் என்று உறுதியாகி அந்த மார்பு அகற்றப்பட்டது. மருத்துவமனைப் படுக்கையில் இருக்கும்போதே, நோயிலிருந்து மீண்டவர்களின் தன்னார்வக் குழுவிலிருந்து ஒரு பெண் நல்லெண்ணத்துடன் வந்து, உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளும்படி ஆட்டுரோமம் திணித்த ஒரு பஞ்சுப் பொதியைக் கொடுத்தார். அது வெளிறிய ரோஸ் நிறத்தில் இருந்தது. அமெரிக்காவில் அப்படிப்பட்ட பொதி யாருடைய தோலை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது என்பது அதன் நிறத்திலேயே எழுதியிருந்தது. அதை வைத்துப் பார்த்தபோது தம் உடலில் அது ஒட்டாமல் துருத்தி நிற்பதைக் கண்டு, இனி அணிவதில்லை என்று முடிவு செய்துவிட்டார். இதையெல்லாம் 1980இல் வெளியான 'புற்றுநோய்க் குறிப்புகள்' என்ற நூலில் அவரே எழுதியிருக்கிறார்.

அறுவை சிகிச்சை முடிந்து சில நாட்களில், தையல் பிரிப்பதற்காக மருத்துவரின் அறைக்குப் போகிறார். அன்று நன்றாக உடுத்திக்கொண்டு, ஆப்பிரிக்கக் கென்டே துணியில் தைத்த மேலாடையும், வலது காதில் மட்டும் தொங்கும் ஒற்றைப் பறவைத் தோடுமாகப் போகிறார். இரு பக்கமும் ஒன்றுபோல் இல்லாததை மறைக்காமல் கொண்டாடுவதற்காகவே அந்த ஒற்றைத் தோடு. அங்கிருந்த செவிலியர், பொதியை ஏன் அணியவில்லை என்று கேட்டு, நீங்கள் இப்படி வந்தால் இங்கே வரும் மற்ற நோயாளிகளின் மனநிலை கெடும் என்ற பொருள்படச் சொல்லிவிட்டார். வந்த கோபத்தில் ஆட்ரி லார்ட் எழுப்பிய கேள்வி இன்றைக்கும் பதில் இல்லாமல் நிற்கிறது: இஸ்ரேலின் படைத்தளபதியாக இருந்த மோஷே தயான் போரில் ஒரு கண்ணை இழந்து கறுப்புப் பட்டையுடன் உலகமெங்கும் சுற்றுகிறார், கண்ணாடிக் கண்ணைப் பொருத்திக்கொள், உன்னைப் பார்த்தால் பிறருக்கு மனச்சோர்வு வரும் என்று அவரிடம் யாராவது சொன்னார்களா? ஆணின் இழப்பு வீரத்தழும்பாகிறது, பெண்ணின் இழப்பை மட்டும் மூடி வைக்கச் சொல்கிறார்கள் என்பது அவருடைய வாதம்.

இப்படிப் போராடியவருக்கு மரியாதை செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டு, நான் துப்பட்டாவை வரைந்து மறைத்தால், அந்தச் செவிலியரின் வேலையை நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்துச் சேலத்தில் நான் செய்ததாக ஆகும். அதனால் மேலாடையின் மடிப்புகளை அப்படியே விழவிட்டேன். இடது பக்கத்தில் துணி வளைந்து ஏறி இறங்கும். வலது பக்கத்தில் தோளிலிருந்து இடுப்பு வரை நேராக இறங்கும். கென்டே துணியின் கோடுகள் இதற்கு உதவின. ஒரு பக்கம் கோடுகள் வளையும்போது மறுபக்கம் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்ததும் கண் புரிந்துகொள்ளும். வேறெதையும் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை.

இதில் ஓவியர்களுக்கு ஒரு செய்தி. அவருடைய வலது பக்கம் பார்வையாளருக்கு இடது பக்கம். இணையத்தில் சுற்றும் படங்களில் சில இடம் வலம் மாறித் திருப்பிப் போடப்பட்டிருக்கும். சட்டைப் பொத்தான்களையும் பின்னணியில் உள்ள எழுத்துகளையும் பார்த்துச் சரிபார்க்காமல் கோடு போட்டால், இல்லாத மார்பை வரைந்து இருந்த மார்பை எடுத்துவிடுவீர்கள். அந்த ஒற்றைப் பறவைத் தோட்டையும் அவருடைய வலது காதில்தான் வைத்திருக்கிறேன். படம் திறக்கப்பட்ட அன்று, அறுவை சிகிச்சை முடிந்த ஓர் அம்மையார் நெடுநேரம் அதன் முன் நின்றுவிட்டு, துணிக்கோடுகள் சரியாக இருக்கின்றன என்று மட்டும் என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அவரும் பெண்கள் கூடும் அந்த இடத்துக்கு வருகிறவர்தான்.

கேள்வி: மூக்குக்கண்ணாடிக்குள் கன்னத்தின் கோடு உடைந்து உள்ளே தள்ளியிருக்கிறது. தீட்டும்போது கை நழுவிவிட்டதா?
– வாசகர், ஓமலூர்

பதில்: இல்லை. சிறு வயதிலிருந்தே ஆட்ரி லார்டுக்குக் கடுமையான கிட்டப்பார்வை. சட்டப்படி பார்வையற்றவர் என்று சொல்லத்தக்க அளவுக்கு அது இருந்தது. கிட்டப்பார்வைக்கான குழிவில்லை, தனக்குப் பின்னால் உள்ளதைச் சிறிதாக்கிக் காட்டும். அதனால் கண்கள் சற்றுச் சிறுத்துத் தெரியும். கன்னத்தின் வெளிக்கோடு சட்டத்தின் ஓரத்தில் அறுந்து, வில்லைக்குள் மூக்கை நோக்கித் தள்ளி மறுபடி தொடங்கும். உங்கள் வீட்டில் மைனஸ் ஆறு, ஏழு என்று கண்ணாடி போட்டிருப்பவர் இருந்தால் சற்றே பக்கவாட்டில் நிறுத்திப் பாருங்கள். முகத்தை முழுதாக வரைந்துவிட்டுக் கடைசியில் கண்ணாடியை மேலே மாட்டுகிறவர்களின் படத்தில் இது இருக்காது. அந்தக் கண்ணாடிகளெல்லாம் பவர் இல்லாத கண்ணாடிகள்.

கேள்வி: இணையத்தில் கிடைக்கும் ஒரு நிழற்படத்தைப் பார்த்து அப்படியே வரைந்து விற்கலாமா?
– நிழற்படக் கலைஞர், ஐந்து ரோடு

பதில்: கூடாது. நிழற்படம் எடுத்தவருக்கு உரிமை உண்டு. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, 2012 திருத்தத்துக்குப் பிறகு, ஒரு நிழற்படத்துக்கான காப்பு அதை எடுத்தவரின் ஆயுள் முழுவதும், அவர் இறந்த பின் 60 ஆண்டுகளும் நீடிக்கிறது. ஆட்ரி லார்டின் புகழ்பெற்ற படம் ஒன்று, 1983இல் ஃபுளோரிடாவில் ஒரு கலை மையத்தில் அவர் கரும்பலகையின் முன் நிற்கையில் ராபர்ட் அலெக்சாண்டர் எடுத்தது; பெண்கள் ஆற்றலும் ஆபத்தும் மிக்கவர்கள் என்ற வாசகம் பலகையில் எழுதியிருக்கும். உலகெங்கும் டீ-சர்ட்டுகளிலும் சுவர்களிலும் அதையே வரைந்து தள்ளுகிறார்கள். நான் அதைத் தொடவில்லை. உரிமை ஒரு காரணம். தேய்ந்துபோன படத்தை இன்னொரு முறை தேய்ப்பதில் எனக்கு ஆர்வம் இல்லை என்பது மற்றொரு காரணம். பல ஆண்டுகளின் பல படங்களைப் பார்த்து முகத்தை மனப்பாடம் செய்துகொண்டு, உட்காரும் நிலையையும் ஒளியையும் உடையையும் நானே அமைத்துக்கொண்டேன்.

கேள்வி: நீங்கள் கறுப்பினத்தவர் அல்லர், பெண்ணும் அல்லர். அவரை வரைய உங்களுக்கு என்ன உரிமை?
– கல்லூரி மாணவர், ஆத்தூர்

பதில்: இந்தக் கேள்வியை நான் எதிர்பார்த்தேன், இன்னும் காட்டமாக வந்திருந்தாலும் தவறில்லை. ஆட்ரி லார்டே உருவங்களைப் பற்றி ஒரு கணக்குத் தீர்த்திருக்கிறார். மேரி டேலி என்ற வெள்ளையினப் பெண்ணியச் சிந்தனையாளரின் நூலைப் படித்துவிட்டு 1979இல் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். பின்னர் அது பகிரங்கக் கடிதமாக வெளியானது. ஆற்றல் மிக்க தெய்வப் பெண்களாக ஐரோப்பிய உருவங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, ஆப்பிரிக்கப் பெண்ணைச் சித்திரவதைக்கு ஆளானவளாக மட்டும் அந்த நூல் காட்டுவது ஏன் என்பது அதன் சாரம். அந்தப் பெண்களின் எழுத்தை நீங்கள் உண்மையிலேயே படித்தீர்களா, அல்லது உங்கள் முடிவுக்கு ஒத்து வரும் வரிகளுக்காகப் புரட்டினீர்களா என்றும் கேட்டிருந்தார். அதே ஆண்டு நியூயார்க் பல்கலைக்கழகப் பெண்ணிய மாநாட்டில், கறுப்பினப் பெண்களைக் கடைசி நேரத்தில் தேடிப்பிடித்து ஒரே ஓர் அமர்வில் உட்காரவைத்த அமைப்பாளர்களை மேடையிலேயே சாடினார். ஆண்டானின் கருவிகளைக் கொண்டு ஆண்டானின் வீட்டை இடிக்க முடியாது என்று எல்லோரும் எடுத்தாளும் வாக்கியம் அங்கே பிறந்ததுதான். எடுத்தாளுபவர்களில் பாதிப் பேருக்கு அந்த மாநாட்டில் நடந்த அவமதிப்பு தெரியாது.

ஆகவே வரைபவனிடம் பிறப்புச் சான்றிதழைக் கேட்பதைவிட, என்ன படித்தாய் என்று கேட்பது நியாயம். நான் படித்தவற்றில் என்னைத் திருத்தியவை அவருடைய தன்வரலாறான 'ஸாமி'யும் புற்றுநோய்க் குறிப்புகளும். வட்டத்துப் பெண்கள் படித்துக் காட்டி, தவறாக இருந்த இடங்களைச் சொல்லச் சொல்ல வரைந்தேன். வேதனையைக் காட்டும் முகமாக முதலில் ஒரு கோட்டோவியம் போட்டிருந்தேன். அவர்கள் அதைத் தள்ளிவிட்டார்கள். தலித் பெண்களைப் பிறர் வரையும்போதெல்லாம் கண்ணீரைத் தவிர வேறொன்றும் வரையத் தெரியாதா என்று அவர்களில் ஒருவர் கேட்டார். அதற்குப் பிறகு வந்ததுதான், வாய்விட்டுச் சிரிக்கப்போகிறவர் போன்ற இப்போதைய உதட்டமைப்பு. இவ்வளவுக்குப் பிறகும், ஆத்தூரிலோ சேலத்திலோ ஒரு பெண் ஓவியர் இதைவிட நன்றாக அவரை வரைவார் என்றால் அந்தச் சுவரில் என் படத்தைக் கழற்றிவிட்டு அதை மாட்டட்டும்.

கேள்வி: படத்தின் கீழ் என்ன எழுதுவது என்பதில் எங்களுக்குள் சச்சரவு. 'கவிஞர், தாய், போராளி' என்று எழுதினால் போதாதா?
– வாசிப்பு வட்ட உறுப்பினர், அழகாபுரம்

பதில்: போதாது. ஆட்ரி லார்ட் மேடை ஏறும்போதெல்லாம் தம்மை அறிமுகம் செய்துகொண்ட முறை உலகறிந்தது: கறுப்பினத்தவர், லெஸ்பியன், தாய், போராளி, கவிஞர். இதில் முதல் இரண்டையும், குறிப்பாக இரண்டாவதை, விழுங்கிவிட்டு மற்றதை எழுதுவது, நீங்கள் துப்பட்டாவை மறுத்த பிறகு எழுத்தில் துப்பட்டா போர்த்துவதாகும். 1962இல் அவருக்குத் திருமணம் நடந்தது, இரண்டு குழந்தைகள் பிறந்தனர், 1970இல் மணவிலக்குப் பெற்றார். அதன்பின் பெண்களோடுதான் வாழ்ந்தார், அதை ஒளித்ததும் இல்லை. வயதுப்பெண்கள் வரும் இடம் என்று உங்களில் சிலர் தயங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வயதுப்பெண்களில் யாருக்கு அந்தச் சொல் தேவைப்படுகிறது என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பெயர், 1934–1992, அவர் சொன்ன ஐந்து சொற்கள் அதே வரிசையில். பித்தளைத் தகட்டில் பொறிப்பதானால் எழுத்து பெரிதாக இருக்கட்டும்.

கேள்வி: பிறந்த நாளில் மாலை போட்டு, சந்தனப் பொட்டு வைத்து, விளக்கேற்றலாமா?
– வணிகர், செவ்வாய்பேட்டை

பதில்: வேண்டாம். மாலையின் ஈரம் கேன்வாஸைத் தளர்த்தும், சந்தனம் எண்ணெய் வண்ணத்தில் கறையாக இறங்கும், விளக்குப் புகை இரண்டே ஆண்டுகளில் நீலத்தை எல்லாம் பழுப்பாக்கிவிடும். அவர் நூலகராக இருந்தவர். பிப்ரவரி 18 அன்று உங்கள் செலவில் வட்டத்துக்கு நான்கு புத்தகம் வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: இதே படத்தின் இன்னொரு பிரதியை எங்கள் பள்ளி நூலகத்தில் மாட்ட விரும்புகிறோம். இங்கே மழைக்காலத்தில் புத்தகங்களே பூசணம் பிடிக்கின்றன. எண்ணெய் வண்ணப் படம் தாங்குமா?
– பள்ளி நூலகர், ஏற்காடு

பதில்: தாங்கும், ஆனால் சேலத்தில் மாட்டுவதுபோல் மாட்ட முடியாது. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், மூடுபனி ஜன்னல் வழியாக அறைக்குள் வந்து உட்காரும் ஊர் உங்களுடையது. பூசணம் பெரும்பாலும் படத்தின் முதுகில்தான் தொடங்கும். கேன்வாஸின் பின்புறமும் வெளிச்சுவரும் ஒட்டிக்கொண்டிருந்தால் நடுவில் காற்று நகராது. எனவே வெளிச்சுவரைத் தவிர்த்து, இரண்டு அறைகளுக்கு நடுவிலுள்ள உட்சுவரைத் தேர்ந்தெடுங்கள். பிரேமின் பின்பக்கம் நான்கு மூலைகளிலும் பழைய பாட்டில் கார்க்கை அரையங்குலத் தடிமனில் வெட்டி ஒட்டினால் காற்று போய்வர இடம் கிடைக்கும். முன்னால் கண்ணாடி போட வேண்டாம். உள்ளே ஈரம் வியர்த்து நிற்கும்.

ஈரத்தில் கேன்வாஸ் தொய்ந்து வெயிலில் முறுக்கேறுவது இன்னொரு தொல்லை. கேன்வாஸை இழுத்துக் கட்டியிருக்கும் ஸ்ட்ரெச்சர் கட்டையின் மூலைகளில் செருகியிருக்கும் மர ஆப்புகளைத் தச்சர் மிச்சம் என்று எண்ணிப் பிடுங்கிவிடாதீர்கள். தொய்வு கண்டால் அவற்றை மெதுவாக ஒரு தட்டுத் தட்டினால் துணி இறுகும். பிரதியை நான் கீழேயே, சேலத்து வெயிலில் காயவைத்துத்தான் அனுப்புவேன். அம்பர் கலந்த இடங்கள் சில நாட்களிலேயே காய்ந்துவிடும். அலிசரின் சேர்த்த உதடும் காதுமடலும் வாரக்கணக்கில் இழுக்கும். மேலே குளிரில் அது இன்னும் தாமதமாகும், தூசியும் ஒட்டும். ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும்போது வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். டிசம்பருக்குள் தீட்டி முடித்தால்தான் ஆறு மாதம் காய்ந்து, வார்னிஷ் பூசி, மழைக்கு முன் மலையேற்ற முடியும். அளவு மூன்றடிக்கு இரண்டரை அடி. அதற்கேற்ற இடம் உட்சுவரில் இருக்கிறதா என்று அளந்து எழுதுங்கள்.